மணவிழாவும் புகைப்படமும்

மக்கள் வாழ்க்கையில் நிகழும் மங்கல நிகழ்ச்சிகளுள் திருமணமே தலையாயது என்பதனை மறுப்பார் இலர். அதற்கென நம்மவர் செய்யும் ஏற்பாடுகளோ பலப்பல. மண்டபம், விருந்து, ஆடை, அணி, அழைப்பிதழ் ஆகிய ஒவ்வொன்றையும் குறித்து வீட்டார் நாட்கணக்காக ஆராய்வர். ஆயினும், விருந்து அன்று மாலைக்குள் முடிந்துபோம், பந்தல் மறுநாட் காலையிற் பிரிக்கப்படும், மாலைகள் வாடும். ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் அந்நாளின் தோற்றமாக வீட்டில் எஞ்சி நிற்பது புகைப்படம் ஒன்றே. அங்ஙனமிருந்தும், அதனை எடுப்பாரைத் தெரிந்தெடுப்பதிலும் அதற்கு வேண்டிய ஆயத்தங்களைச் செய்வதிலும் நாம் செலுத்தும் சிந்தனை மிகக் குறைவு. இக்குறையை யான் நூல்களிற் படித்தறிந்தேன் அல்லேன். எம் வீட்டிலேயே கண்டறிந்தேன்.

ஈராண்டுகட்கு முன் எம் தமக்கையாரின் திருமணம் எம்மூர் ஆலயத்தில் நடைபெற்றது. புகைப்படத்தைக் குறித்து எம் வீட்டில் மூன்று வாரங்கள் வரை உரையாடல் நிகழ்ந்தது உண்மையே. ஆனால் அவ்வுரையாடல் எதனைப் பற்றியது? வானிற் பறந்து படமெடுக்கும் டிரோன் வேண்டுமா வேண்டாவா என்பது பற்றியும், ஆல்பத்தின் மேலட்டை எந்நிறத்தில் அமையவேண்டும் என்பது பற்றியுமே. திருமணம் இனிதே முடிந்து, ஆயிரத்து நானூறு படங்கள் வந்து சேர்ந்தன. யாவரும் கண்டு மகிழ்ந்தோம். ஐந்தாந் திங்களில் எம் தந்தையாரைப் பெற்ற ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்க ஆராதனைக்கான மடலில் அச்சிட ஒரு படம் வேண்டுமென்று, அன்றிரவு அந்த ஆயிரத்து நானூறு படங்களையும் யானும் என் அண்ணனும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். ஆச்சி மூன்று படங்களில் மட்டுமே இருந்தார்கள். ஒன்றில், வீடியோ எடுப்பவரின் தோளுக்குப் பின்னே பாதி முகம். ஒன்றில், பந்தியில் இலையை நோக்கிக் குனிந்த தலை. மற்றொன்றிற் கண்கள் மூடியிருந்தன. தாம் எடுத்து வளர்த்த பேத்தியோடு ஆச்சி நிற்கும் படம் ஒன்றேனும் இல்லை. ஈற்றில் ஆதார் அட்டையிலிருந்த சிறு படத்தையே பெரிதாக்கி அச்சிட்டோம். அது மங்கலாகவே அமைந்தது.

அப்புகைப்படக்காரர்மீது குற்றஞ் சுமத்த யான் துணியேன். அவர் தம் தொழிலை நன்கறிந்தவர். அவர் எடுத்தவற்றுட் பல மிக்க அழகுடையன. வந்திருந்த அறுநூறு பேருள் எம் ஆச்சி இன்னார் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆச்சியோ கூட்டத்துக்கும் விளக்கின் வெம்மைக்கும் அஞ்சி, மண்டபத்தின் கடைசி வரிசையில் மின்விசிறியின் கீழ் அமர்ந்துவிட்டார்கள். அவர்களை அழைத்து வந்து மேடையில் நிறுத்துதல் எம் கடனேயன்றி அவர் கடன் அன்று. அதன்பின் இத்தொழில் செய்வார் சிலரை அடுத்துக் கேட்டறிந்தவற்றையும், யானே நினைந்து பார்த்தவற்றையும் ஈண்டு எழுதலானேன்.

தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்தில் அகநானூற்றின் 86-ஆம் பாட்டு நினைவுக்கு வருதல் இயல்பு. நல்லாவூர் கிழார் அதில் ஒரு பழந்தமிழ் மணவிழாவைக் காட்டுகின்றார். பந்தலையும், பரப்பிய மணலையும், விளக்கையும், உழுத்தம்பருப்புச் சேர்ந்த உணவையும் கூறும் அப்புலவர், தலையிற் குடமும் கையில் அகன்ற கலமுமாக ஆரவாரித்துத் திரியும் முதுபெண்டிரையும், மணமகளை நீராட்டும் மக்களைப் பெற்ற மகளிர் நால்வரையும் விடாது காட்டுகின்றார். தலைவனையும் தலைவியையும் மட்டும் பாடியிருப்பின் அஃது இருவரைப் பற்றிய பாட்டாய் நின்றிருக்கும்; சுற்றத்தையும் உடன் வைத்தமையாலன்றோ அது மணவிழாவாயிற்று! ஆயிரத்து நானூறு படங்கள் கொண்ட எம் தொகுதியில் விடுபட்டவர் அம்முதுபெண்டிரே.

படத்தின் மதிப்பு அதன் தெளிவில் மட்டும் இல்லை என்பதற்கு மேனாட்டு நிகழ்ச்சி ஒன்றும் சான்றாம். பிரான்ஸு நாட்டு டாகேர் என்பாரின் முறை 1839-ஆம் ஆண்டில் உலகுக்கு வெளியிடப்பட்டது முதற் புகைப்படக்கலை பரவலாயிற்று. அக்காலத்திற் படத்துக்கு நிற்போர் சில நொடிகளேனும் அசைவற்றிருத்தல் வேண்டும். 1858-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 25-ஆம் நாள் விக்டோரியா அரசியாரின் மூத்த மகளார்க்கு இலண்டன் மாநகரில் மணம் நிகழ்ந்தது. கோயிலுக்குப் புறப்படுமுன் பெற்றோரும் மகளாரும் ஒருங்கு நின்று படமெடுத்துக்கொண்டனர். அப்படத்தில் அரசியாரின் உருவம் கலங்கித் தோன்றுகின்றது. தம் உடல் நடுங்கியமையே அதற்குக் காரணமென்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றார். தொழில்முறையில் நோக்கின் அது பழுதுபட்ட படமே. ஆயினும் மகளைப் பிரியும் தாயின் நடுக்கம் வேறெப்படத்தில் அவ்வளவு மெய்யாகப் பதிந்திருக்கின்றது? அதனை எறிந்துவிடாது காத்தவர் அறிவுடையவர்.

நம் நாட்டில் நெடுங்காலம் மணமக்கள் ஸ்டூடியோவுக்குச் சென்று, தீட்டிய திரைச்சீலையின் முன் ஒருவர் அமர ஒருவர் நிற்க, ஒன்றோ இரண்டோ படங்கள் எடுத்துக்கொள்வதே வழக்கமாயிருந்தது. அத்தகைய பழம் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலிருந்து தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றன் துணையோடு டிஜிட்டல் முறையிற் படியெடுத்துக் காத்துள்ளனர். இக்காலத்திலோ நிலைமை தலைகீழாய் மாறிற்று. படத்தகட்டுக்கு விலை கொடுத்த காலத்தில் எண்ணி எடுத்தனர்; விலையில்லாத இக்காலத்தில் எண்ணாது எடுக்கின்றனர். எண்ணாமல் எடுப்பதனால், எவர் விடுபட்டனர் என்பதும் எண்ணப்படாமற் போகின்றது.

இனிப் புகைப்படக்காரரைத் தெரிந்தெடுக்கும் வகையைக் கூறுவாம். இன்ஸ்டகிராம் பக்கத்தை நோக்கி முடிவு செய்தலே இன்று பெருவழக்காயிருக்கின்றது. அங்கே காணப்படும் நூறு படங்கள் நூறு திருமணங்களிலிருந்து பொறுக்கியெடுத்தவையாதலும் கூடும். கவிஞர் ஒருவரின் தனிப்பாடல் ஒன்றைக் கண்டு அவர் காவியமும் இயற்றவல்லார் என்று துணிதல் எவ்வாறு பொருந்தாதோ அவ்வாறே இதுவும் பொருந்தாது. ஆதலின், ஒரே திருமணத்தின் படங்களைத் தொடக்கமுதல் ஈறுவரை காட்டுமாறு கேட்டல் வேண்டும்; அத்திருமணமும் நம் திருமணம் நடைபெறுவது போன்ற ஓர் ஆலயத்திலும் மண்டபத்திலும் நிகழ்ந்ததாயிருத்தல் நன்று. அப்படங்களில் மணமக்களை விடுத்து மற்றையோரை நோக்குக. கிழவர் எத்துணைப் பேர் தெளிவாகத் தோன்றுகின்றனர்? குழந்தைகள் எங்ஙனம் தோன்றுகின்றனர்? பந்தி பரிமாறுவோர் முகம் தெரிகின்றதா? இவற்றைக் கண்டால் அவர் கண் எத்தகையது என்பது விளங்கிவிடும்.

காண்டிட் என்று வழங்கும் முறையில், அறியாப் பொழுதில் இயல்பாக எடுக்கும் படங்களையே இளைஞர் விரும்புகின்றனர். வரிசையாய் நிறுத்தி எடுக்கும் பழைய முறையைப் பெரியோர் விரும்புகின்றனர். இரண்டும் வேண்டுவனவே. காண்டிட் படம் அந்நாள் எப்படியிருந்தது என்பதைக் காட்டும். வரிசைப் படம் அந்நாளில் எவரெவர் இருந்தனர் என்பதைக் காட்டும். ஆனால் வரிசைப் படமென்பது மேடையிற் பரிசளிப்போர் ஒவ்வொருவராய் ஏறி இறங்கும் அவ்வரிசையன்று. எம் தமக்கையாரின் படங்களுட் சரிபாதிக்கு மேற்பட்டவை அவ்வகையின. அவற்றில் மணமக்களின் புன்னகை முதல் நூறு பேர்வரை மெய்யாகவும், அதற்குமேற் கடமையாகவும் இருப்பதைத் தெளிவாகக் காணலாம்.

மற்றுமொன்று உண்டு. ஒப்பந்தம் பேசுபவர் ஒருவராகவும், அன்று வந்து எடுப்பவர் மற்றொருவராகவும் இருத்தல் இத்தொழிலில் அரிதன்று. லெந்து நாட்களில் நம் ஆலயங்களில் மணவினை நிகழ்த்துதல் பெரும்பாலும் வழக்கமன்று. ஆதலின் ஈஸ்டர்க்குப் பின் வரும் விடுமுறைக் காலத்தில் ஒரே நாளிற் பல திருமணங்கள் நெருங்கி வருகின்றன. அந்நாட்களில் ஸ்டூடியோவினர் தம் ஆட்களைப் பிரித்தனுப்புவர். வருபவர் இன்னார் என்பதனையும், எத்துணைப் படங்கள் திருத்தித் தரப்படும், எந்நாளிற் கிடைக்கும், திருத்தப்படாத மூலப்படங்களும் தரப்படுமா என்பனவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுதல் நலம். ஒரே படத்தை இரண்டு மெமரி கார்டுகளில் ஒருங்கே பதியும் காமிரா அவரிடம் உளதா என்பதும் கேட்கத்தக்கது. கார்டு ஒன்று கெட்டுவிடின் திருமணத்தை மறுமுறை நடத்துதல் இயலாதன்றோ!

ஆலயத்தினுள் எடுத்தல் எளிய செயலன்று. மெஞ்ஞானபுரத்துத் தூய பவுலின் ஆலயம் போன்ற பெருங்கோயில்களில், கூரையை நோக்கிப் பிளாஷை வீசி, அங்கிருந்து மென்மையாய்த் திரும்பிவரும் ஒளியிற் படமெடுக்கும் தந்திரம் பயன்படாது. தொலைவு இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாய்க் குறையும் என்பது இயற்பியல் பயில்வார் அறிந்த விதி. உயர்ந்த கூரைக்குச் சென்ற ஒளி மணமக்கள்மேல் மீள்வதற்குள் தேய்ந்துவிடும். எனவே, குறைந்த ஒளியிலும் எடுக்கவல்ல பெருந்துளை லென்ஸுகள் வேண்டும். இஃது ஒருபுறமிருக்க, நம் மணமகள் வெண்பட்டும் வெண்முக்காடும் அணிந்து நிற்பாள். மணமகன் கருநிறக் கோட்டு அணிந்து நிற்பான். காமிராவின் ஒளியளவி எதனைக் கண்டாலும் அதனை இடைப்பட்ட சாம்பல் நிறமாகவே கொள்ளும் இயல்பினது. அதனை அப்படியே நம்பினால் வெண்பட்டுப் பழுப்பேறித் தோன்றும். மணமகனின் கோட்டுக்கு ஏற்பத் திருத்தினாலோ வெண்பட்டின் சரிகை வேலைப்பாடு முழுவதும் வெளுத்து மறையும். இரண்டையும் காக்கவல்லவர் அனுபவமுடையவரே. வண்ணப் பட்டுடுத்திய மணங்களையே மிகுதியும் எடுத்துப் பழகியவர் எத்துணைத் திறலுடையவராயினும், ஆலயத்திற்கு முன்னாளே ஒருமுறை சென்று ஒளியைப் பார்த்து வருதல் வேண்டும்.

அன்றியும், ஐயரவர்களிடம் முன்னரே உத்தரவு கேட்க வேண்டும். எவ்விடம் வரை செல்லலாம், ஜெபவேளையிற் பிளாஷ் கூடுமா என்பன ஆலயத்துக்கு ஆலயம் வேறுபடும். பீடத்தின் படிகளில் ஏறி நின்று, ஆசீர்வாதம் கூறும் வேளையில் ஐயருக்கும் சபையாருக்கும் இடையே முதுகைக் காட்டும் புகைப்படக்காரரை யான் கண்டிருக்கின்றேன். அவ்வேளையில் வழிபாடு காட்சியாகிவிடுகின்றது. தாலி கட்டும் நொடியைப் பலர் சூழ்ந்து நின்று எடுக்கின்றனர். ஆனால் மணமக்களும் சாட்சிகள் இருவரும் திருமணப் பதிவேட்டிற் கையெழுத்திடும் நிகழ்ச்சியை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வேண்டுவது அக்கையெழுத்துக்களையே. எம் பாட்டனார் சாட்சியாக நடுங்கும் கையால் ஒப்பமிட்டார்கள்; நற்காலமாக ஒரு படம் அகப்பட்டது. எம் வீட்டார் மிகுதியும் எடுத்துப் பார்க்கும் படம் இன்று அதுவே.

இனி, வீட்டார் செய்யவேண்டிய ஆயத்தம். இதுவே யான் சொல்லவந்த பொருளின் உயிர்நிலை. ஒரு தாளை எடுத்து, எவரெவர் ஒருங்கு நிற்கவேண்டுமென்பதைத் திருமணத்துக்கு ஒரு கிழமை முன்னரே எழுதுக. மணமகளும் ஆச்சி தாத்தாவும், மணமகளும் தாய்மாமன் குடும்பமும், பெரியப்பா, சித்தப்பா மக்கள் அனைவரும், அத்தைமார், வெளியூரிலிருந்து வந்து அன்று மாலையே மீள்வோர், வீட்டிற் பல்லாண்டு பணிசெய்தவர். இவ்வாறெழுதினால் பன்னிரண்டு தொகுதிகள் எளிதில் ஆகும். ஒரு தொகுதியைக் கூட்டி நிறுத்தி எடுக்க மூன்று நிமிடங்களேனும் செல்லும். ஆக, முப்பத்தாறு நிமிடங்கள் வேண்டும். இந்நேரத்தை நிகழ்ச்சி நிரலில் ஒதுக்காதவர்க்கு அது தானே கிடைத்துவிடாது. ஆராதனை முடிந்து, மண்டபத்துக்குப் புறப்படுமுன் ஆலயத்தின் தாழ்வாரத்தில் எடுத்தலே சாலச் சிறந்தது. நண்பகல் வெயிலில் நிறுத்தினால் கண்குழிகளில் நிழல் விழுந்து முகம் வாடித் தோன்றும். மரநிழலும் நம்பத்தக்கதன்று, இலைகளின் இடையே ஒழுகும் வெயில் முகத்திற் புள்ளி புள்ளியாய்ப் படியும். தாழ்வாரத்தின் நிழலோ ஒரு சீராயிருக்கும். முதியோரை முதலில் எடுத்து அனுப்பிவிட வேண்டும். அவர்கட்கு நாற்காலியும் வேண்டும். இளைஞர் எவ்வளவு நேரமும் நிற்பர்.

தாள் மட்டும் போதாது. அத்தாளைக் கையிற்கொண்டு புகைப்படக்காரரின் அருகே நிற்க, உறவினர் அனைவரையும் முகமறிந்த ஒருவர் வேண்டும். மணமக்களின் பெற்றோர் இதற்கு உதவார். அவர்கட்கு அன்று ஆயிரம் வேலை. வாய்வன்மையுடைய சித்தப்பா ஒருவரோ, எவரையும் கையைப் பிடித்திழுத்து வரவல்ல அத்தை ஒருவரோ தக்கார். கானாவூர்க் கலியாணத்திலே திராட்சரசம் குறைவுபட்டதை முதலிற் கண்டு சொன்னவர் மணவீட்டுத் தலைவரல்லர். விருந்துக்கு வந்திருந்த ஒரு தாயார். ஒவ்வொரு மணவீட்டுக்கும் அத்தகைய கண்ணுடையார் ஒருவர் தேவை.

கூட்டமாய் நிறுத்தி எடுக்குங்கால் எவரேனும் ஒருவர் கண்ணிமைத்துவிடுதல் யாவரும் அறிந்த தொல்லை. இதனை ஆஸ்திரேலிய நாட்டு அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமாகிய ஸி. எஸ். ஐ. ஆர். ஓ.வைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் என்னும் இருவர் கணக்கிட்டுப் பார்த்தனர். இருபதின்மர்க்குக் குறைந்த கூட்டமாயின், நல்லொளியில் ஆட்டொகையை மூன்றால் வகுத்தும், ஒளி குறைந்தவிடத்தில் இரண்டால் வகுத்தும் வரும் எண்ணளவாகப் படங்கள் எடுத்தால், அனைவரும் கண்திறந்திருக்கும் படம் ஒன்றேனும் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பதினைவர் நின்றால் தாழ்வாரத்தில் ஐந்து படங்கள் வேண்டும். முதலில் நகைக்கவும் பின்னர்ச் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகட்கு வழங்கப்பெறும் இக் நோபெல் பரிசு 2006-ஆம் ஆண்டில் அவர்களுக்குக் கிடைத்தது. கண்ணிமைப் பொழுதை மாத்திரைக்கு அளவாகக் கொண்ட தொல்காப்பியம் படிக்கும் நமக்கு இவ்வாராய்ச்சி நகைப்பை விளைவிக்காது. எம் ஆச்சியின் மூன்றாவது படத்தைக் கண்டபின் எனக்கு நகைப்பு வந்ததே இல்லை.

இரண்டு மூன்று வரிசைகளாய் நிறுத்துங்கால், லென்ஸின் துளையைச் சுருக்கி, எஃப் 8 என்று குறிக்கும் அளவில் வைத்தால் முன்வரிசையும் பின்வரிசையும் ஒருங்கே தெளியும். பின்னணியை மங்கச்செய்து மணமக்களை மட்டும் தெளிவாகக் காட்டும் பெருந்துளையை இங்கும் கையாண்டால் பின்னிற்போர் முகம் கலங்கும். நன்கு பயின்றவர் இதனை நாம் சொல்லாமலே செய்வர். மூக்குக்கண்ணாடி அணிந்தோர் தலையைச் சிறிது தாழ்த்தினால் ஒளித்தெறிப்பு நீங்கும். முகப்பூச்சுக்களுட் சிலவற்றில் வெண்பொடி கலந்திருத்தலின் நேரிற் காண்போர்க்கு அழகாயிருக்கும் முகம் பிளாஷின்முன் சுண்ணம் பூசினாற்போல் தோன்றுவதும் உண்டு. முன்னொரு நாள் பூசி, ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்க.

நிறத்தைப்பற்றி ஒரு சொல். படங்களைத் திருத்துவோர், கேளாமலே மணமகளின் முகத்தை வெளுப்பாக்கித் தருகின்றனர். எம் தமக்கையார் ஆச்சியைப்போலவே நல்ல கருநிறம் உடையவர். ஆல்பத்திலோ அவர் முகம் ஒரு நிறமாகவும் கை மற்றொரு நிறமாகவும் இருக்கக் கண்டு அவரே நகைத்தார். பின்னர்ச் சிறிது நேரம் பேசாதிருந்தார். இக்கேடு நம்மிடம் மட்டும் தோன்றியதன்று. கொடாக் கம்பெனியார் வண்ணப்படங்களை அச்சிடும் கடைகளுக்கு நெடுங்காலம் அனுப்பிவந்த அளவு அட்டைகளில் வெள்ளை நிறப் பெண்ணின் உருவமே இருந்தது. ஷர்லி அட்டை என்பது அதன் பெயர். அம்முகம் செவ்வையாய் அமைந்தால் எல்லாம் செவ்வை என்று கொண்டனர். அந்த அளவுகோல் ஒழிந்த பின்னும் நாமே நம்மை வெளுக்கின்றோம். நிறத்தை மாற்றலாகாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதுவது இழுக்கன்று.

படங்கள் எவர்க்கு உரியன என்பதிலும் பலர்க்கு ஐயமுண்டு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பொருள் கொடுத்துத் தமக்கென எடுப்பித்த புகைப்படத்தின் முதலுரிமை, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, எடுப்பித்தவர்க்கே உரியது. ‘மாறான உடன்பாடு’ என்பதே கவனிக்கத்தக்கது. நம் வீட்டுப் பெண்களின் படங்களை விளம்பரத்துக்கு வெளியிட இசைகின்றோம் என்னும் வரி ஒப்பந்தத்தில் எங்கேனும் இருப்பின், படித்துப் பார்த்துக் கையெழுத்திடுக. டிரோனைப் பற்றியும் கூறிவிடுகின்றேன்: அதனைப் பறக்கவிடுதற்கு 2021-ஆம் ஆண்டின் விதிகள் உண்டு, விமான நிலையத்தை அடுத்த இடங்களில் உத்தரவின்றிப் பறக்கவிடலாகாது. மூன்று வாரங்கள் வாதாடிப்பெற்ற எம் டிரோன் எடுத்தவை மண்டபத்தின் கூரையும் நீர்த்தொட்டியுமே.

கிடைத்த படங்களைக் காத்தல் எடுத்தலினும் அரிது. எம் ஆச்சியின் திருமணப் படம் 1961-ஆம் ஆண்டில் எடுத்தது, கருப்பு வெள்ளை. இன்றும் அதிற் சேலைக் கரையை எண்ணலாம். எம் பெற்றோரின் திருமணப் படங்கள் அதற்கு முப்பதாண்டுகளுக்கும் பின்னர் எடுத்த வண்ணப்படங்கள். அவையோ செம்மையேறி மங்கிவிட்டன. காரணம் யாதெனின், கருப்பு வெள்ளைப் படத்தின் உருவம் நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆயது; வண்ணப் படத்தின் உருவம் சாயங்களால் ஆயது. சாயங்கள் ஒளியாலும் வெம்மையாலும் மங்கும்; எல்லாச் சாயமும் ஒரே அளவில் மங்குவதுமில்லை. பசை தடவிய தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக்கை மூடும் ஆல்பங்கள் இக்கேட்டை விரைவுபடுத்தின. ஆதலின் பழைய வண்ணப்படங்களை உடையோர் அவற்றை இப்பொழுதே ஸ்கேன் செய்து வைத்தல் நன்று.

இன்றைய படங்களுக்கு வேறு வகை அழிவு உண்டு. வாட்ஸப்பில் வந்த படத்தையே பலர் படமென்று கருதி வைத்திருக்கின்றனர். அது சாதாரண முறையில் அனுப்பப்பட்டிருந்தால் நீளத்தில் ஏறக்குறைய 1600 புள்ளிகளாகச் சுருக்கப்பட்டிருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் நல்ல அச்சளவில் 12 அங்குல நீளப் படத்துக்கு 3600 புள்ளிகள் வேண்டும். எனவே மூலப்படங்களை ஹார்டு டிஸ்கிற் பெற்று, அதனை வேறொரு டிஸ்கிலும் படியெடுத்து, மூன்றாவது படியை வேற்றூரிலுள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வைத்தல் வேண்டும். டிஸ்கு எனப்படுவது ஒரு நாள் காரணம் சொல்லாமலே நின்றுவிடும் பொருள். இருபதோ முப்பதோ படங்களைத் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் நிற்போர் பெயரை இடமிருந்து வலமாக எழுதிவைத்தலும் வேண்டும். எம் ஆச்சியின் 1961-ஆம் ஆண்டுப் படத்தில் மணமகளுக்கு வலப்புறம் நிற்கும் சிறுமி யாரென்று அறிந்திருந்தவர் ஆச்சி ஒருவரே, யாம் கேட்டுவைக்கவில்லை.

குடும்பப் படத்துக்குத் திருமணம் வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு அனைவரும் ஊருக்கு வரும் நாளில், காலை ஆராதனை முடிந்தவுடன் அரைமணி நேரம் ஒதுக்கி, ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கே அழைத்து எடுக்கலாம். புத்தாடை அன்று எல்லார் மேலும் இருக்கும்; எவரையும் வற்புறுத்த வேண்டா.

என் அண்ணனுக்கு வருகின்ற மே திங்களில் திருமணம். எம் தாயாரைப் பெற்ற ஆச்சிக்கு எண்பத்துநான்கு வயதாகின்றது; முழங்கால் வலியால் நெடுநேரம் நிற்க இயலாது. படங்களுக்கான தாளை எழுதும் பணியை வீட்டார் என்னிடம் ஒப்புவித்தனர். அதனை எழுதி, புகைப்படக்காரர்க்கு ஒன்றும், அருகே நிற்க இசைந்த சித்தப்பாவுக்கு ஒன்றுமாக இரண்டு படிகள் எடுத்து வைத்திருக்கின்றேன். முதல் வரி இது: “ஆச்சி, அண்ணன், மைனி. ஆலயத் தாழ்வாரம், வடபுறம். கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்று. மூன்று படங்களுக்குக் குறையலாகாது.”